எட்டு மாதத்துக்குப் பதினோரு வரி

வாசகர் கேள்வி:

எனக்கு 46 வயது. கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் 1997-இல் சேர்ந்து 2001-இல் இயந்திரவியல் முடித்தேன். சென்னையில் மென்பொருள் வேலை. இப்போது டெலிவரி மேனேஜர், அதாவது மென்பொருள் திட்டங்களைச் சொன்ன தேதியில் முடித்துக் கொடுக்கும் பொறுப்பு. மகள் பிளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு. வீட்டுக் கடன் இன்னும் ஏழு ஆண்டுக்கு இருக்கிறது. போன டிசம்பர் கடைசியில் எங்கள் வகுப்புத் தோழர்கள் 41 பேர் கல்லூரியில் கூடினோம். ஒவ்வொருவரும் மேடையேறி ஐந்து நிமிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஒருவன் பதினெட்டு ஆண்டு ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஆனைமலையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். ஒருவன் கோவை கணபதியில் சி.என்.சி. பட்டறை (கணினி இயக்கும் மெஷினில் உலோக உறுப்புகளைக் கடையும் பட்டறை) நடத்துகிறான். 28 வயதில் வேலையை விட்ட தோழி 37-இல் பி.எட். படித்து இப்போது கணக்கு டீச்சர். என் முறை வந்தபோது இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அன்றிரவே ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டேன். பட்டறை நண்பன் 25 லட்சம் போட்டுக் கூட்டாளியாக வரச் சொல்கிறான். பி.எஃப். பணத்தை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர். நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறோம்.)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ராஜினாமாக் கடிதத்தை அழித்துவிடாதீர்கள். அதில் தேதியும் போட்டுவிடாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும். நாம் பேசுவோம்.

நடுவயதில் வேலை மாற நினைப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் தொழில். அதற்கு முன் மனிதவளத் துறையில் பத்தொன்பது ஆண்டு இருந்தேன். வெளிநாட்டு நண்பர்கள் விடுமுறைக்கு ஊர் வரும் டிசம்பர் கடைசியில்தான் இந்த வெள்ளி விழாச் சந்திப்புகள் நடக்கும். பொங்கல் முடிந்ததும் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "மேடம், எல்லாரும் ஏதோ ஒன்று செய்திருக்கிறார்கள், நான் மட்டும் அங்கேயே நிற்கிறேன்." உங்கள் கடிதத்திலும் அந்த வாக்கியம் இருக்கிறது.

என்னுடைய வகுப்புச் சந்திப்பு மதுரையில் நடந்தது. "நாற்பத்து மூன்று வயதில் வேலையை விட்டேன், மனத்துக்குப் பிடித்ததைச் செய்கிறேன்" என்று மைக்கைப் பிடித்துச் சொன்னேன். கைதட்டினார்கள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று ஆண்டு ஒளிந்திருந்தது. முதல் ஆண்டு முழுவதும் என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்கள் நான்கே பேர். வீட்டை என் கணவரின் சம்பளம் தாங்கியது. இரண்டாம் ஆண்டு ஆடி மாதம் என் வளையல்களை அடகு வைத்து மகனின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினோம். கல்யாண வீட்டில் யாராவது "எங்கே வேலை?" என்று கேட்டால், பழைய நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்த நாள்களும் உண்டு. இதையெல்லாம் மேடையில் யாரும் சொல்வதில்லை. ஐந்து நிமிடத்தில் அடங்காது என்பதும் ஒரு காரணம், கைதட்டல் நடுவே சொல்ல நா எழாது என்பதும் ஒரு காரணம். கீழே உட்கார்ந்திருந்த தோழி ஒருத்தி அடுத்த மாதமே வேலையை விட்டாள். என்னைக் கேட்டுவிட்டுச் செய்திருந்தால் அந்த மூன்று ஆண்டையும் ஒளிக்காமல் சொல்லியிருப்பேன். அந்த உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மேடையில் சொல்ல உங்களிடம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் கல்லூரியில் சேர்ந்த 1997-இல்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு தொடங்கியது. பிளஸ் டூ மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் கூட்டிப் பார்த்து, தரவரிசை எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அப்பாவோடு சென்னைக்கு பஸ் ஏறிய தலைமுறை உங்களுடையது. இயந்திரவியலைத் தேர்ந்தெடுத்தது நீங்களா, அன்று காலியாக இருந்த இடமா என்று கேட்டால் உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. இறுதியாண்டில் வளாகத் தேர்வுக்கு வந்த மென்பொருள் நிறுவனங்கள் சிவில், மெக்கானிக்கல் என்று பார்க்காமல் அள்ளிக்கொண்டு போயின. அடுத்த சில மாதங்களில் டாட்காம் சரிவு. 2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல். நியமனக் கடிதம் கையில் இருந்தும், சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்ற பதிலோடு மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் உங்கள் வயதுப் பிள்ளைகள். அதைக் கடந்து 2002-இல் வேலையில் சேர்ந்தீர்கள். 2008-இன் நெருக்கடியையும் கடந்தீர்கள். தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தீர்கள். அப்பாவின் இதய அறுவைச் சிகிச்சைக்கு யாரிடமும் கை நீட்டவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மேடையில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த அரங்கில் பாதிப் பேர் தங்கள் கதையைக் கேட்டது போல நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை வரிகளை எண்ணினேன். இருபத்து நான்கு ஆண்டு மென்பொருள் வேலைக்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். வேலை அழைப்புக்காகக் காத்திருந்த காலத்தில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் எட்டு மாதம் பயிற்சியாளராக இருந்தீர்களே, அதற்குப் பதினோரு வரி. அங்கிருந்த மேஸ்திரி உங்கள் கையில் மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவியைக் கொடுத்து, "ராட்செட் மூன்று முறை டிக்கென்று சொன்னால் போதும் தம்பி, அதுக்கு மேல் திருகினால் அளவு பொய் சொல்லும்" என்றாராம். கட்டிங் ஆயில் வாசம், ஷாஃப்டின் (சுழலும் இரும்புத் தண்டின்) மேல் வெளிச்சம் ஓடுவது, மதியச் சாப்பாட்டுக்கு முன் விரலிடுக்கில் போகாத கருப்பு என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். சந்திப்புக்கு மறுநாள் கணபதியில் நண்பரின் பட்டறைக்குப் போனபோது மெஷினிலிருந்து சூடு ஆறாத ஷாஃப்ட் ஒன்றை அவர் உங்கள் கையில் வைத்தார். "என் வலது கை தானாக மைக்ரோமீட்டரைத் தேடியது" என்பது உங்கள் வரி. நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

இந்த ஆசை பொய்யில்லை. நேற்று முளைத்ததும் இல்லை. ஆனால் இதில் இரண்டு ஆசைகள் பின்னிக் கிடக்கின்றன. இரும்பின் மேல் உள்ள ஆசை ஒன்று. எதையாவது கையால் செய்து முடித்து, தூக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கீழே வைக்கிற ஆசை இன்னொன்று. உங்களுக்கு எது அதிகம் என்பதைக் கண்டுபிடிக்க நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். கடைசியாக நிரல் எழுதி ஒன்பது ஆண்டு ஆகிறது என்று சொல்கிறீர்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில், நீங்களே உட்கார்ந்து எழுதிய காலத்தில், இரவு வீடு திரும்பும்போது மனம் எப்படி இருந்தது? நன்றாக இருந்தது என்றால், உங்களை வாட்டுவது மென்பொருள் துறை இல்லை. நாள் முழுவதும் கூட்டங்களிலும் மதிப்பீட்டுப் படிவங்களிலும் மற்றவர் வேலையை விசாரித்துக்கொண்டே இருக்கும் மேலாளர் நாற்காலிதான் வாட்டுகிறது. அதற்கு மருந்து வேறு. தொழில்நுட்பப் பாதைக்கே திரும்பிப் போகலாம். கார், விமான உறுப்புகளை வடிவமைத்துத் தரும் பொறியியல் சேவைப் பிரிவுகள் பெரிய மென்பொருள் நிறுவனங்களிலேயே இருக்கின்றன. சம்பளம் சற்றுக் குறையலாம், வீடு ஆட்டம் காணாது. அந்த ஆண்டுகளிலும் மனம் ஒட்டவே இல்லை என்றால் மட்டும் பட்டறையைப் பற்றி மேலே பேசுவோம். பதிலை அவசரமாகச் சொல்லாதீர்கள். பழைய டைரியோ மின்னஞ்சலோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். நினைவு நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துத் தரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டம் தொடங்கும் முன், 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்ட உங்கள் அறைத் தோழருக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றீர்கள். விடுதி அடையாள அட்டையில் இருந்த பதினெட்டு வயதுப் படத்தைத்தான் திரையில் போட்டார்கள். அதைப் பார்த்த இரவில்தான் ராஜினாமாக் கடிதம் எழுதினீர்கள். அன்று உங்களை எழுத வைத்ததில் ஆசைக்கு எவ்வளவு பங்கோ, துக்கத்துக்கும் அவ்வளவு பங்கு இருந்தது. துக்கம் நல்லதையே சொல்லும், ஆனால் இன்றைக்கே செய் என்று சொல்லும். அந்த அவசரத்தை மட்டும் ஏற்க வேண்டாம்.

இப்போது உங்கள் நண்பர்கள். மேடையில் கேட்டதை வைத்து முடிவெடுக்காமல், ஒவ்வொருவரையும் தனித்தனியே போய்ப் பாருங்கள். முதல் மூன்று ஆண்டு வீட்டுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நேராகக் கேளுங்கள். நம் ஊரில் நண்பனின் சம்பளத்தையே கேட்பவர்கள் இதைக் கேட்கக் கூசுகிறார்கள்.

ஆனைமலை நண்பரின் தோப்பு அவர் நட்டதா, தாத்தா நட்டதா? நெட்டை ரகத் தென்னை காய்ப்புக்கு வரவே ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்னும் போகவில்லை. வாடல் நோய் வந்து மரங்களை வெட்டிச் சாய்த்த தோப்புகள் அந்த வட்டாரத்தில் ஏராளம். போன ஆண்டு தேங்காய் விலை ஏறியதால் அவர் முகம் மலர்ந்திருந்திருக்கலாம். கொப்பரை விலை கிடையாய்க் கிடந்த ஆண்டில் அவர் எப்படி இருந்தார் என்பதை அவர் மனைவியிடம் கேளுங்கள்.

டீச்சரான தோழியின் கதைதான் அன்றைய கூட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை. ஒன்பது ஆண்டு வீட்டிலிருந்துவிட்டு, தன்னைவிட மிகவும் இளைய பெண்களோடு இரண்டாண்டு பி.எட். வகுப்பில் உட்கார எவ்வளவு துணிவு வேண்டும்! அவரைக் கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் அவர் கதையும் உங்கள் கதையும் வேறு. அவருக்கு அன்று சொந்த வருமானம் எதுவும் இல்லை, வந்ததெல்லாம் ஏற்றம். நீங்கள் மாதச் சம்பளத்தில் நான்கு பேரைத் தாங்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கப் போகிறவர். படி எண்ணித்தான் இறங்க வேண்டும்.

பட்டறை நண்பர் விஷயத்துக்கு வருமுன், ஒன்று. இந்தக் கடிதத்தை உங்கள் மனைவி படித்திருக்க வேண்டும். எனக்கு எழுதும் முன் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். "சொன்னால் பயந்துவிடுவாள்" என்கிறீர்கள். பயப்பட அவருக்கு உரிமை உண்டு. கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் நான் பார்த்தது என்னவென்றால், மனைவி முதலில் பயந்து, இரண்டு நாள் பேசாமலிருந்து, மூன்றாம் நாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறார். அந்த நோட்டு இல்லாமல் வேலையை விட்டவர்கள்தான் ஆறு மாதத்தில் என்னிடம் திரும்பி வருகிறார்கள். ராஜினாமாக் கடிதத்தைத் திறந்து காட்டியே சொல்லுங்கள். வேறொருவர் வாயால் அவருக்குத் தெரியவந்தால், நீங்கள் உடைத்ததை எந்த ஆலோசகராலும் ஒட்ட முடியாது.

சரி, 25 லட்சம். கொடுக்காதீர்கள். இப்போது கொடுக்காதீர்கள் என்று சொல்கிறேன், என்றைக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாக ஓடும் பட்டறைக்கு ஏன் திடீரென்று 25 லட்சம் தேவைப்படுகிறது? புது மெஷின் வாங்கவா, பழைய மெஷினின் தவணை நிற்கிறதா, வரவேண்டிய பில் வரவில்லையா? ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்யும் பட்டறைகளுக்குப் பெரிய நிறுவனங்கள் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் சொல்கிறது. தராத தொகையைச் செலவுக் கணக்கில் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று பின்னால் ஒரு பிரிவும் சேர்த்தார்கள். ஆனாலும் தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் காத்திருப்பவர்களை நான் அறிவேன். கேஸ் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் வாய் மூடியிருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் மின் கட்டணமும் நிலைக் கட்டணமும் ஏறியபோது கோவைக் குறுந்தொழில்காரர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மெஷின் ஓடாத மாதத்திலும் நிலைக் கட்டணம் கட்ட வேண்டும். உங்கள் நண்பர் இதையெல்லாம் தாண்டி நிற்கிறார் என்றால் உண்மையிலேயே கெட்டிக்காரர். அவரிடம் இரண்டு ஆண்டு ஜி.எஸ்.டி. கணக்கையும் வங்கிக் கணக்கையும் கேளுங்கள். நல்ல நண்பர் என்றால் மேஜையில் எடுத்து வைப்பார்.

பத்திரத்தையும் பாருங்கள். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பங்குதாரரின் பொறுப்புக்கு எல்லை கிடையாது. பட்டறையின் கடனுக்கு உங்கள் வீடும் பதில் சொல்ல வேண்டிவரும். எல்.எல்.பி. என்ற, பொறுப்புக்கு எல்லை வைத்த கூட்டாண்மை முறையில் பதிவு செய்தால் போட்ட முதலோடு பொறுப்பு நிற்கும். ஆனால் கடன் தரும் வங்கி உங்களிடம் தனியாக ஜாமீன் கையெழுத்துக் கேட்கலாம். அப்படிக் கேட்டால் அந்தப் பாதுகாப்பும் போயிற்று. எதில் கையெழுத்துப் போட்டாலும் ஒரு வழக்கறிஞரும் ஒரு ஆடிட்டரும் முதலில் படிக்கட்டும். இருவருமே உங்கள் நண்பரின் ஆட்களாக இருக்கக் கூடாது.

பி.எஃப். பணத்தைத் தொடவே வேண்டாம். உங்கள் கடிதத்தில் நான் பதறிய இடம் அதுதான். "பென்ஷன் வரும்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா? பத்து ஆண்டு பணி முடித்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. ஓய்வூதியச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். நீங்கள் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும், கூடுதல் ஓய்வூதியத்துக்குத் தனியாக எழுதிக் கொடுக்காதவர்களுக்குக் கணக்கில் கொள்ளப்படும் சம்பளம் 15,000 ரூபாய்தான். 2014 செப்டம்பருக்கு முந்தைய ஆண்டுகளுக்கு 6,500. ஆக, இன்று வேலையை விட்டால் 58 வயதில் உங்கள் கைக்கு மாதம் சுமார் நாலாயிரம் ரூபாய்தான் வரும். ஐம்பது வயதிலேயே கேட்டால் முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் பிடிப்பார்கள். முதுமைக்கு உங்களிடம் இருக்கும் உண்மையான பணம் அந்த பி.எஃப். இருப்புதான்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வரும். ஆண்டுக்கு 15 நாள் அடிப்படைச் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிடுவார்கள். இந்த நிறுவனத்தில் உங்களுக்குப் பதினோரு ஆண்டு என்பதால் ஆறு மாத அடிப்படைச் சம்பளத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். அதை வீட்டுக் கடனில் கட்டுங்கள். மிதக்கும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது.

பணத்தை விடவும் அவசரம் மருத்துவக் காப்பீடு. உங்களுக்கு மூன்று ஆண்டாகச் சர்க்கரை இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் நிறுவனத்தின் குழுக் காப்பீடு மட்டும்தான். வேலையை விட்டால் அதுவும் போய்விடும். இந்த மாதமே குடும்பத்துக்கென்று தனிப் பாலிசி எடுங்கள். சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் ஆபத்து நாளில் பணம் வராது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. அந்த மூன்று ஆண்டும் நீங்கள் வேலையில் இருக்கும்போதே கழியத் தொடங்கட்டும். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜி.எஸ்.டி.யும் இல்லை.

"அப்படியானால் வேலையிலேயே இருக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில், குறைக்கப்போவதாக அறிவித்தது. ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் பேர். உங்கள் வயது, உங்கள் பதவி. ஆகவே ஏதாவது ஒரு மாற்றத்துக்கு நீங்கள் தயாராக வேண்டியவர்தான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஊரில் இளக்காரமாகச் சொல்வார்கள். இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில், 46 வயதில், அடுத்த ஓர் ஆண்டுக்கு அப்படி நிற்பதுதான் சரியான நிலை என்று நான் சொல்வேன்.

மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். சனிக்கிழமை காலை கோவையில் இறங்கி, கணபதியில் நண்பரின் பட்டறையில் வேலை செய்யுங்கள். சம்பளம் வேண்டாம், முதலும் வேண்டாம். உங்கள் பணி ஒப்பந்தத்தில் வெளி வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள். பட்டறையில் யோசனை சொல்லும் ஆளாகப் போகாதீர்கள். ஒரு நாள் முழுக்க மெஷின் முன் நின்று பாருங்கள். மாலையில் முதுகும் முழங்காலும் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள். இன்னொரு நாள் பில் வசூலுக்கு அவரோடு போய் ஒரு நிறுவனத்தின் வரவேற்பறையில் இரண்டு மணி நேரம் காத்திருங்கள். அளவு தவறித் திரும்பி வந்த நூறு பீஸை அவர் எண்ணும்போது பக்கத்தில் இருங்கள். மைக்ரோமீட்டரைப் பிடிக்கும் ஆசை அந்த நாளையும் தாண்டி நின்றால், அது உங்களுடையது. கோவை வரை போக முடியாத வாரங்களில் சென்னைப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளான திருமுடிவாக்கமும் அம்பத்தூரும் இருக்கின்றன. உங்கள் வகுப்பில் யாராவது ஒருவருக்கு அங்கே ஆள் தெரிந்திருக்கும்.

அப்படிப் போகும்போது ஒன்று தெரியவரும் என்று நினைக்கிறேன். நண்பரின் பட்டறையில் எந்த ஜாப் எந்த மெஷினில் ஓடுகிறது என்பது சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். சொன்ன தேதியில் சொன்னதை முடித்துக் கொடுக்க இருபத்து நான்கு ஆண்டு பழகியவர் நீங்கள். கார் நிறுவனங்களுக்கு உதிரி பாகம் செய்து தர ஆசைப்படும் சிறு பட்டறைகள் பலவற்றுக்கு வேலை தெரியும், தரச் சான்றிதழுக்கு வேண்டிய பதிவேடுகளைப் பராமரிக்க ஆள் இல்லை. அவருக்கு உங்கள் 25 லட்சத்தை விட இந்தப் பழக்கம் அதிகம் தேவைப்படலாம். வேலையைப் பங்காகப் போட்டு உள்ளே போக வழி இருக்கிறதா என்று ஓராண்டு கழித்து அவரிடம் பேசுங்கள்.

அதற்குள் வீட்டுச் செலவுக்கும் கடன் தவணைக்குமாக இருபத்து நான்கு மாதப் பணம் தனியாகச் சேரட்டும். மகளின் படிப்புச் செலவு இதில் சேராது, அது வேறு கணக்கு. சேர இரண்டு ஆண்டு ஆனால் இரண்டு ஆண்டு காத்திருங்கள். 48-இல் பட்டறைக்குள் நுழைவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்த ஒரு வரி. "ஒருவன் மட்டும் மேடையேறவில்லை. வேலை போய் ஏழு மாதம் ஆகிறதாம், பிறகுதான் தெரிந்தது." அவர் அன்று வந்ததே பெரிது. அவரும் தாம்பரத்தில்தான் இருக்கிறார் என்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் போய்ப் பாருங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம், யோசனையும் சொல்ல வேண்டாம். இழந்தவர் என்று நினைத்துப் போகாதீர்கள், வகுப்புத் தோழன் என்று போங்கள். நீங்கள் எழுதிவைத்திருக்கும் கடிதத்துக்குப் பின் வரும் மாதங்கள் எப்படி இருக்கும் என்பதை அந்த 41 பேரில் இன்று முழுதாக அறிந்தவர் அவர்தான். மனம் வந்தால் அவரே சொல்வார். வரும் வாரங்களில் கணபதிக்குப் போகும்போது அவரையும் கூப்பிட்டுப் பாருங்கள். அவரும் மெக்கானிக்கல் படித்தவர்தானே.

மகளின் தேர்வு முடியட்டும், கலந்தாய்வும் முடியட்டும். பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். அவள் எந்தப் பிரிவை எடுத்தாள் என்பதையும், அது அவளே கேட்டு எடுத்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்